எத்தனாவது வந்தீர்?

ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு திண்ணை இருக்கிறது. திண்ணைகளெல்லாம் கடைகளாகிவிட்ட காலத்தில் தப்பிப் பிழைத்தவற்றில் அதுவும் ஒன்று. சாயங்கால வேளைகளில் அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர். நான் எழுதுவதையெல்லாம் படித்துவிட்டுப் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். ஒரு நாள் என்னைக் கண்டதும் கை தட்டிக் கூப்பிட்டார்.

"என்ன ஓய், ஓட்டப் பந்தயத்திலே ஓடினீராமே?"

"ஓடினேன்."

"எத்தனாவது வந்தீர்?"

"நானூற்றுப் பன்னிரண்டாவது" என்றேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவிப்போமே, அந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார்.

இந்தக் கட்டுரையை அந்தப் பெரியவருக்கு விரோதமாக எழுதவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விரோதமாக எழுதுகிறேன். "எத்தனாவது?" என்ற இந்த ஒற்றைச் சொல் நம்முடைய நடுத்தர வர்க்கத்து வீடுகளில் செய்திருக்கும் நாசம் கொஞ்சநஞ்சமல்ல. இதை வீட்டை விட்டு விரட்ட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கட்சி பேசுகிறவன் முதலில் தன் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கேள்விக்கு அடிமையாகி நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

எனக்கு ஓர் ஓட்டத் தோழர் உண்டு. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. மனைவியை இழந்தவர். சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். அம்மா மண்டபம் சாலையில் விடியற்காலையில் நடக்க வந்தார். நானும் வந்தேன். இரண்டு பேரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நடந்தால் எத்தனை நாளைக்குப் பேசாமலிருக்க முடியும்? பேசினோம். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாயிற்று. ஓட்டமென்றால் பெரிய ஓட்டமல்ல. பால்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போகும்போது மணியடிக்கக்கூட மாட்டார். அத்தனை அலட்சியம்.

அப்போதுதான் அந்தப் பந்தயம் வந்தது. ராஜகோபுரத்தடியில் தொடங்கி, அம்மா மண்டபம் சாலை, மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், சிந்தாமணி, சத்திரம் வழியாக மெயின்கார்டு கேட் வரையில். ஐந்து கிலோமீட்டர். இதற்கும் மாரத்தான் என்றுதான் எல்லோரும் பெயர் சொன்னார்கள். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஆனால் பெயரில் கஞ்சத்தனம் பார்ப்பது நம் வழக்கமில்லையே!

நண்பர் தயங்கினார். "ஓடிடுவேன் ஸார். கடைசி ஆளா வர்றதுதான் பயமா இருக்கு. கடைசி ஆளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வருமாமே! நம்ம கடை வாசல் வழியா வேற போகணும். நீங்க கூட இருந்தீங்கன்னா, கடைசியா வந்தாலும் ரெண்டு பேரா வந்துடலாம்."

"முடிகிற வரைக்கும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

கூட ஓடுவது என்பது தனி வித்தை. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா ஓடுவதாகத் தோன்றும். இரண்டு பேரில் யாருக்கு வேகம் குறைவோ அவர்தான் வேகத்தை நிர்ணயிக்க வேண்டும்; ஆனால் அப்படி அவர் நிர்ணயிக்கிறார் என்பது அவருக்கே தெரியக் கூடாது. அரை அடி முன்னால் போகிறவன் துணையாக மாட்டான், சவுக்கில்லாத வண்டிக்காரன் அவன். அரை அடி பின்னால் வருகிறவனோ உளவாளி. தோளுக்குத் தோள் நேராக இருக்க வேண்டும். அடிக்கடி திரும்பி முகத்தைப் பார்க்கக் கூடாது. மூச்சைக் காதால் கேட்டுக் கொண்டாலே போதும். வாக்கியம் முழுசாக வந்தால் சௌக்கியமாக இருக்கிறார். ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகம் கூடிவிட்டது. 'ம்' என்று மட்டும் வந்தால் நீங்கள் உடனே குறைத்தாக வேண்டும். எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் உடம்புக்கு நல்லது என்று பயிற்சியாளர்களும் சொல்லுகிறார்கள். ஆகவே, கூட ஓடுகிறவன் தர்ம காரியம் செய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. லாபம் அவனுக்கும்தான்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காவிரிப் பாலத்தில் ஏறியபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. எதிரே மலைக்கோட்டை, முதுகுக்குப் பின்னால் ராஜகோபுரம், கீழே மணலும் அங்கங்கே தண்ணீருமாகக் காவிரி. 1976-ல் திறந்த பாலம் அது. மூட்டுகள் தேய்ந்து, 2022-23-ல் மாதக் கணக்கில் வண்டிகளை வேறு வழியில் விட்டுப் பழுது பார்த்தார்கள். "பாலத்துக்கும் மூட்டுத் தேய்மானம், நமக்கும் மூட்டுத் தேய்மானம்; நமக்கு யார் ஸார் டெண்டர் விடுறது?" என்றார் நண்பர். வாக்கியம் முழுசாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பாலம் இறங்கிச் சிந்தாமணி தாண்டியதும் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நின்று நீவிவிட்டுக்கொண்டு நொண்டினார். அதே சமயம் எழுபது வயதிருக்கும் ஒரு கிழவனார், எங்களைத் திரும்பிக்கூடப் பாராமல் விசுக்கு விசுக்கென்று தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் நாலு பேர் சிரித்துக்கொண்டே தாண்டினார்கள். எனக்குள் என்னவோ சுருக்கென்றது.

"நீங்க போங்க ஸார். நான் மெதுவா வந்துடறேன்" என்றார் நண்பர்.

நம் ஊரில் இந்தச் சொற்களுக்குப் 'போகாதீர்கள்' என்று அர்த்தம். விருந்தாளி 'போதும்' என்றால் 'இன்னும் கொஞ்சம்' என்று அர்த்தமாகிறதல்லவா, அது போல. வருஷக் கணக்காக வசனம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் போனேன்.

கிழவனாரைப் பிடித்தேன். சிறுமிகளைப் பிடித்தேன். மெயின்கார்டு கேட் வாசலில் என் கழுத்தில் ஒரு மெடலை மாட்டினார்கள். மார்பில் குத்தியிருந்த எண் அட்டைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. தரையில் விரித்த பாயை நாம் மிதித்ததும் அது நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. மறு நிமிஷம் கைப்பேசியில் செய்தி வந்துவிட்டது: நானூற்றுப் பன்னிரண்டு. நண்பரை விட்டதனால் நாலு நிமிஷம் மிச்சம். அந்த நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வாழைப்பழம் கொடுக்கிற வரிசையில் நின்றேன்.

அங்கே நிற்கும்போதுதான் அவர் வந்தார். ஒற்றை ஆளாய், காலை இழுத்துக்கொண்டு, பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஊர்ந்து வர. சத்திரத்தில் அவர் கடை வாசலில் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்ததை நானே பார்த்துக்கொண்டுதான் ஓடியிருந்தேன். எந்தக் காட்சிக்குப் பயந்து என்னைத் துணைக்கு அழைத்தாரோ, அந்தக் காட்சியை முழுசாக நடத்தி முடித்துவிட்டு வந்தார். அவர் கழுத்திலும் ஒரு மெடலை மாட்டினார்கள். என்னுடையதுக்கும் அதற்கும் ஒரு மாற்றுக்கூட வித்தியாசமில்லை. நேரே என்னிடம் வந்து, முகமெல்லாம் மலர, "எத்தனாவது ஸார் வந்தீங்க?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்டிருந்தால் தேவலை. மெய்யாகவே கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாத காலம் அவர் அம்மா மண்டபம் பக்கம் வரவில்லை. கால் வலி என்று சொல்லியனுப்பினார்.

இதுதான் என் யோக்கியதை. இனி என் கட்சி.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்குப் பட்டியலைக் கொண்டு வருகிறது. கணக்கில் என்ன புதிதாகக் கற்றுக்கொண்டாய் என்று எந்தத் தகப்பனாவது கேட்கிறானா? எத்தனாவது ராங்க்? பக்கத்து வீட்டுப் பையன் எத்தனாவது? கல்யாணத்தில், சம்பளத்தில், பிள்ளை குடியேறிய தேசத்தில், எல்லாவற்றிலும் அதுவே கேள்வி. கதை எழுதுகிறவனைக்கூட விடுவதில்லை. தலைசிறந்த பத்துப் பேர் என்று பட்டியல் போட்டு, அதில் இவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்த பிறகுதான் புஸ்தகத்தைப் பிரிக்கிறார்கள். மோட்சத்துக்கும் இதே அவசரம்தான். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் பரமபத வாசலில் நாம் இடித்துக்கொள்ளுகிற அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இராப்பத்தின் பின்வரும் நாட்களிலும் திறக்கிற வாசல் அது! இருந்தாலும் முழங்கையால் இடித்தாவது முதல் நாள் முதல் ஆளாக வைகுண்டம் போயாக வேண்டும்.

பிழைப்பு முழுதும் இப்படி இடித்துக்கொண்டு கிடக்கிற நாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அதிலிருந்து விடுதலை வேண்டித்தானே ஓட வந்தோம்? அங்கேயும் அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

"போட்டி இல்லாமல் திறமை வளருமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓட்டமே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்குப் போட்டி வேண்டும்தான். நம் திருச்சி ஜில்லாவில், லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டு ராணுவத்தில் சேர்ந்து ஓடிய ஆரோக்ய ராஜீவுக்கு அது வேண்டும். கிராமத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் பந்தயத்தில் கிடைக்கும் இடம் உத்தியோகமாகிறது, வீட்டுக்குக் கூரையாகிறது. அவர்களைப் பார்த்து 'இடம் முக்கியமல்ல' என்று உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவனின் திமிர். அந்தத் தவற்றை நான் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ராஜீவின் கழுத்துக்குத் தங்கம் எப்படி வந்தது? 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ஆணும் பெண்ணுமாக நாலு பேர் ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடிய தொடர் ஓட்டத்தில் வந்தது. முதலில் வெள்ளிதான் கிடைத்தது. முன்னால் வந்த பஹ்ரைன் அணி ஊக்க மருந்துக் குற்றத்தில் தகுதி இழந்ததும் தங்கமாயிற்று. முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், ஆரோக்ய ராஜீவ் ஆகிய நாலு பேரில் எத்தனாவது ஆளுக்கு அந்தத் தங்கம் சொந்தம்? கேட்டுப் பாருங்கள்!

இன்னொரு கதையும் சொல்லுகிறேன். 1954-ம் வருஷம் மே 6-ந் தேதி ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் என்ற வைத்திய மாணவர் ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடினார். மனிதனால் நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓட முடியாது என்று பலர் நம்பியிருந்த காலம். உலகம் அவர் பெயரை மனப்பாடம் செய்துகொண்டது. ஆனால் அன்று அவருக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். முதல் பாதிக்குமேல் கிறிஸ் பிராஷர். பிறகு கடைசி வளைவு வரையில் கிறிஸ் சாட்டவே. அந்த இரண்டு சிநேகிதர்கள் இல்லாமல் அந்தச் சாதனை அன்று நடந்திருக்காது. 'எத்தனாவது?' என்று கேட்டால், அவர்கள் தோற்றவர்கள்!

அந்தப் பிராஷர் லேசுப்பட்டவரல்ல. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் நீண்ட ஓட்டத்தில் தாமே தங்கம் வென்றார். பிற்காலத்தில் ஜான் டிஸ்லி என்பவரோடு சேர்ந்து லண்டன் மாரத்தானைத் தொடங்கினார். 1981 மார்ச் 29-ந் தேதி நடந்த அதன் முதல் ஓட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரர் இங்கே சிமோன்சனும் முன்னணியில் தோளோடு தோள் ஓடி வந்தார்கள். கடைசியில் ஒருவரையொருவர் முந்துவதற்குப் பதிலாகக் கையைக் கோத்துக்கொண்டு 2 மணி 11 நிமிஷம் 48 விநாடியில் எல்லையைத் தாண்டினார்கள். முதற் பரிசுக்காரர்கள் இருவர். ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால், ஜெயிக்கத் தெரிந்த இரண்டு பேர் செய்த காரியம் இது. நானூறாவது இடத்துக்குப் போட்டியிட்ட எனக்கு அது செய்யத் தெரியவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு 'அமெச்சூர்' என்று பெயர். அரைகுறை என்ற அர்த்தத்தில் அந்தச் சொல்லை நாம் வழங்குகிறோம். அதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு நேசிக்கிறவன் என்று பொருள். இந்த அழகான சொல்லையும் மனிதர்கள் சும்மா விடவில்லை. 1866-ல் லண்டனில் துரைமார்கள் கூடி ஓர் அமெச்சூர் ஓட்டச் சங்கம் அமைத்தார்கள். கைத்தொழில் செய்கிறவனும் கூலியாளும் அமெச்சூர் ஆக மாட்டார்கள் என்று அவர்கள் விதி செய்துகொண்டார்கள். வேறு சங்கம் வந்து அந்தக் கதவைத் திறக்க 1880 ஆயிற்று. உடம்பால் உழைக்கிறவன் தங்களை முந்திவிடுவானே என்ற பயம்! பார்த்தீர்களா? எங்கே 'எத்தனாவது?' நுழைகிறதோ அங்கே நேசம் வெளியேறி விடுகிறது. பக்கத்தில் ஓடுகிறவன் தோழனாகத் தெரிவதில்லை, எண்ணாகத் தெரிகிறான்.

பெரியவருக்குப் பதில் சொல்ல நான் லண்டனுக்குப் போயிருக்க வேண்டியதேயில்லை. அவருடைய ஊரிலேயே பதில் இருக்கிறது. இராப்பத்து எட்டாம் திருநாள் வேடுபறியன்று நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளியில் வையாளி கண்டருளுவார். முன்னும் பின்னுமாக அந்தக் குதிரை பாய்ந்து ஓடும். குதிரைக்கு ஏது கால்? ஓடுகிறவர்கள் ஸ்ரீபாதம் தாங்கிகள். அத்தனை பாரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். அவர்களில் வாலிபர் உண்டு, வயதானவர் உண்டு. நெட்டை உண்டு, குட்டை உண்டு. ஒருவர் தம் கால் வலிமையைக் காட்ட அரை அடி முந்தினால் வாகனம் என்ன ஆகும்? ஆகவே அத்தனை பேரும் ஒரே மூச்சாக, ஒரே அடியாக ஓடுகிறார்கள். இந்த ஊரில் வருஷா வருஷம் நடக்கிற இந்த ஓட்டத்துக்கு மெடல் இல்லை, சில்லு இல்லை. எந்தத் தோள் முதலில் வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து நான் நண்பரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நகலெடுக்க ஒரு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்; சும்மா போகிற தைரியம் இல்லை. "மன்னிச்சுக்குங்க, அன்னிக்கு உங்களை விட்டுட்டுப் போயிட்டேன்" என்றேன். அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து காகிதத்தை வைத்துக்கொண்டே, "நான்தானே ஸார் போகச் சொன்னேன்" என்றார். பிறகு நகலை என்னிடம் நீட்டும்போது, தலை நிமிராமல், "ஆனா நீங்க போவீங்கன்னு நினைக்கலை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எங்கள் சிநேகிதம் அன்றோடு நகலாகிப் போயிருக்கும்.

மறுநாள் விடியற்காலை அவர் அம்மா மண்டபத்துக்கு வந்தார். ஐப்பசியில் வேறொரு பந்தயத்தில் மறுபடி ஓடினோம். காவிரியில் தண்ணீர் ஓடிற்று. சத்திரத்தில் அவர் கடை வாசலைத் தாண்டும்போது பக்கத்து டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து விசிலடித்தார். எண்களைக் கைப்பேசி சொல்லிற்று; நான் பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பார்த்தேன். போன தடவையைவிட இருநூறு இடம் பின்னால்.

அன்று சாயங்காலம் பெரியவர் திண்ணையிலிருந்து கை தட்டினார். "எத்தனாவது வந்தீர்?"

"ரெண்டு பேராக வந்தோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாசியில் நடந்த கதையைச் சொன்னேன். வேடுபறி வையாளியைச் சொல்லி, எந்தத் தோள் முதல் என்று கேட்டேன்.

"சரிதான், பெருமாளும் நீரும் ஒண்ணாக்கும்!" என்று அதட்டினார். நானூறு வருஷம் மொட்டைக் கோபுரமாக நின்றதை 1987-ல் 236 அடிக்குக் கட்டி முடித்த ஊர்க்காரராயிற்றே, என் நிமிஷக் கணக்கைப் பற்றி உங்களுக்கு என்ன அவசரம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவரே சற்று யோசித்துவிட்டு, திண்ணையில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, வேறொரு கேள்வி கேட்டுவிட்டார்.

"அது கிடக்கட்டும். அந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கால் இப்போ எப்படி இருக்கு?"

உட்கார்ந்து பதில் சொன்னேன்.